தொண்டைப் புற்றுநோயும் புரதம் செய்யாத ஆர்என்ஏயும்: புதிதாகப் படிக்க வருபவருக்கு ஒரு வழித்தடம்

யாழ்ப்பாணத்து ஆடியபாதம் வீதியில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து அருகில் இருந்தான். "அண்ணை, ரத்தத்தில மைக்ரோ ஆர்என்ஏ ரெஸ்ற் எண்டு ஒண்டு இருக்காம். அப்பாவுக்கு எடுத்துப் பாப்பமோ?" அப்பாவுக்கு இரண்டு மாதமாகக் குரல் கம்மிக் கிடக்கிறது. நெட்டில் தேடியிருக்கிறான்.

"ஈஎன்ரி கிளினிக்குக்குக் கொண்டு போனனியோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அப்ப முதல்ல அதைச் செய் தம்பி. ரெஸ்ற்றைப் பற்றி வந்து கதைப்பம்."

அதே கிழமை ஒரு மாணவி மறுமுனையில் இருந்து அதே விஷயத்தோடு வந்தாள். இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறாள். நாற்பது கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மிர்-21 கூடுகிறது, மிர்-375 குறைகிறது, ஹொட்டேர் கூடுகிறது என்று கொப்பியில் மூன்று பக்கத்துக்கு அட்டவணை போட்டிருந்தாள். மிர் என்றால் மைக்ரோ ஆர்என்ஏ, ஹொட்டேர் ஒரு நீண்ட ஆர்என்ஏ. ஒவ்வொன்றும் ஏன் கூடியது, கூடினால் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவளைப் போன்றவர்களுக்கு. பொடியனுக்கான பதில் கடைசியில் வரும். நான் சொல்லும் வழி ஒன்றுதான். நாற்பது பெயரை மனனம் செய்ய வேண்டாம். ஒரேயொரு ஆர்என்ஏயைப் பிடித்துக்கொண்டு, அது பிறக்கும் இடத்தில் இருந்து தொண்டைக் கட்டி வரை கூடவே நடந்து போங்கள். ஒன்றோடு போய் வந்தால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்ளுங்கள்

நாங்கள் உயர்தரத்தில் கலம், பரம்பரையலகு, நிறமூர்த்தம், நொதியம் என்று படித்தோம். இந்தியத் தமிழ்க் கட்டுரைகளைத் திறந்தால் செல், மரபணு, குரோமோசோம், நொதி என்று இருக்கும். எல்லாம் அதே பொருள்தான். ஒரு பக்கத்தில் இந்த இரண்டு வரிசையையும் எதிரெதிராக எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தலையிடி போய்விடும்.

அடுத்தது அடிப்படை. டிஎன்ஏயில் இருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏயில் இருந்து புரதம் என்று படித்தது பிழையில்லை, ஆனால் பாதிக் கதை. மனித டிஎன்ஏயில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துச் சோடிகள் உண்டு. புரதத்துக்கான குறியீடு அதில் 2 சதவீதம்கூட வராது. புரதம் செய்யும் பரம்பரையலகுகள் சுமார் 20,000. மிச்சத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அந்த மிச்சத்தில் இருந்தும் ஆர்என்ஏ எழுதப்படுகிறது, அது புரதமாக மாறாமலே வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெளிவானது. அதைத்தான் புரதம் செய்யாத ஆர்என்ஏ என்கிறோம்.

தோட்டத்து ஆள்களுக்கு இதை விளக்குவது சுகம். புகையிலைத் தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது தண்ணீரைக் கொண்டு வருவது ஒரு வேலை, எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்று வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் தண்ணி மாறுவது இன்னொரு வேலை. தண்ணி மாறுபவரின் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவர் கண் அயர்ந்தால் ஒரு பாத்தி அழுகும், இன்னொன்று வாடும். புரதம் செய்யாத ஆர்என்ஏ செய்வது அந்த இரண்டாவது வேலையை.

எந்தத் தொண்டை என்று கேளுங்கள்

எங்கள் ஊரில் வாயில் புண் வந்தாலும், குரல் போனாலும், விழுங்கக் கஷ்டமென்றாலும் எல்லாவற்றுக்கும் 'தொண்டைக் கான்சர்' என்ற ஒரே பெயர்தான். வீட்டில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. படிக்க வந்தவர் அப்படிச் சொல்லக் கூடாது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டை, வாய்க்குப் பின்னால் இருக்கும் நடுத்தொண்டை, அதற்குக் கீழே இருக்கும் அடித்தொண்டை, இவற்றோடு குரல்வளை. நாலும் நாலு இடம். பெரும்பாலானவை செதிள்மேலணிக் கலங்களில் இருந்து எழுவதால் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் தொடங்கி வைப்பது வேறு வேறு.

குரல்வளையிலும் அடித்தொண்டையிலும் முக்கிய குற்றவாளிகள் புகையிலையும் மதுவும். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை புகையிலை அனுப்பி, சுருட்டுக் கொட்டில்களில் வயிறு வளர்த்த மண் இது என்பதால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உள்ளது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அது அப்படித்தான். இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்று முன்வரிசையில் நிற்பதற்கு இந்தத் தட்டமும் ஒரு காரணம். நடுத்தொண்டையில், அதிலும் ரொன்சில் பகுதியில், எச்பிவி-16 என்ற வைரஸ் வருகிறது. மேல்தொண்டையில் வேறொரு வைரஸ், எப்ஸ்ரைன்-பார். அதை ஈபிவி என்பார்கள்.

இது ஏன் முக்கியம்? கட்டுரைகள் 'தலை கழுத்துப் புற்றுநோய்' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும். 2015இல் வெளிவந்த புற்றுநோய்ப் பரம்பரையலகுத் தொகுதி அட்லஸின் தலை கழுத்து ஆய்வு இன்றும் எல்லோரும் கை வைக்கும் தரவு. அதில் 279 கட்டிகள். அவற்றில் 172 வாய்க்குழியைச் சேர்ந்தவை, 72தான் குரல்வளை, 33 நடுத்தொண்டை. அதில் இருந்து ஓர் ஆர்என்ஏயை எடுத்து 'தொண்டைப் புற்றில் கூடுகிறது' என்று எழுதினால், அது வாயின் கதையாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் பென்சிலால் இடத்தின் பெயரை எழுதி வையுங்கள்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடப்போம்

நான் எடுப்பது மிர்-21. இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்டது, தொண்டையின் பல பகுதிக் கட்டிகளிலும் கூடுவதாகத் திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

அதன் இனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோ ஆர்என்ஏ என்பது 22 எழுத்தளவு நீளமுள்ள துணுக்கு. முதலாவது, லின்-4, 1993இல் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒன்றில் பிடிபட்டது. விக்ரர் அம்புரோசும் கரி ருவ்குனும் அதற்காக 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏழு ஆண்டுகள் அது புழுவின் விசித்திரம் என்றே கிடந்தது. 2000இல் லெட்-7 கண்டுபிடிக்கப்பட்டு, அது மனிதரிலும் உண்டு என்று தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. புற்றுநோயோடு முதல் தொடுப்பு 2002இல், ஒருவகை இரத்தப் புற்றில். 13ஆம் நிறமூர்த்தத்தில் அடிக்கடி அறுந்துபோகும் துண்டு ஒன்றுக்குள் மிர்-15, மிர்-16 இருந்தன.

சரி, மிர்-21. இது 17ஆம் நிறமூர்த்தத்தில், விஎம்பி1 என்ற பரம்பரையலகின் வால் பக்கத்தில் குடியிருக்கிறது. அழற்சி நேரத்தில் விழித்தெழும் ஸ்ராட்3, ஏபி-1 போன்ற புரதங்கள் இதன் ஆளியைத் தட்டும். முதலில் எழுதப்படுவது நீண்ட ஆர்என்ஏ. அதன் நடுவில் கொண்டை ஊசி போல மடிந்த ஒரு பகுதி. கலத்தின் கருவுக்குள் இருக்கும் டுரோஷா என்ற நொதியம் அந்த ஊசியை மட்டும் நறுக்கி எடுக்கிறது. எக்ஸ்போட்டின்-5 அதைக் கருவுக்கு வெளியே தூக்கிச் செல்கிறது. குழியவுருவில் டைசர் என்ற இன்னொரு கத்தரி வளைவை வெட்டிவிடுகிறது. மிஞ்சும் இரட்டை இழையில் ஒன்று ஆர்கோனோட் என்ற புரதத்தின் மடியில் ஏறி இருந்துகொள்கிறது. இனி அந்தப் புரதம் வேட்டை நாய், ஆர்என்ஏ அதற்குக் காட்டிய மோப்பம்.

அது தேடுவது தூது ஆர்என்ஏக்களை. பொருத்தமான ஒன்று அகப்பட்டால் அதில் இருந்து புரதம் எழுவதைத் தடுக்கும், தூதையே கெதியாகச் சிதையவும் வைக்கும். மிர்-21இன் இரைகளில் நன்கு நிரூபிக்கப்பட்ட இரண்டு, பிடென், பிடிசிடி4. பிடென் கல வளர்ச்சிக்கான சமிக்ஞைப் பாதை ஒன்றின் பிரேக். பிடிசிடி4 கட்டி பரவுவதைப் பின்னுக்கு இழுக்கும் புரதம். மிர்-21 கூடினால் இரண்டின் பிடியும் தளரும். இப்போதுதான் 'மிர்-21 கூடுகிறது' என்ற வரிக்கு அர்த்தம் வருகிறது.

எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காவற்காரனான பி53 புரதம் மிர்-34ஏயைத் தூண்டுகிறது என்பது 2007இல் தெரிந்தது. மிர்-34ஏ கலப்பிரிவை அடக்கும். புகைப்பவரின் குரல்வளைக் கட்டியில் பி53இன் பரம்பரையலகே பெரும்பாலும் விகாரப்பட்டிருக்கும். எச்பிவி உள்ள நடுத்தொண்டைக் கட்டியில் பரம்பரையலகு நன்றாக இருக்கும், ஆனால் வைரஸின் ஈ6 புரதம் பி53ஐப் பிடித்து அழித்துவிடும். சுருட்டு ஒரு பாதையால் வந்தது, வைரஸ் இன்னொரு பாதையால். இரண்டும் அடைக்கும் வாய்க்கால் ஒன்று.

பென்சிலும் சதுரக் கொப்பியும் எடுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணினி செய்து தரும் வேலைதான். ஆனாலும் ஒருமுறை கையால் செய்யுங்கள்.

மிர்-21இன் 22 எழுத்தும் இவை: யு ஏ ஜி சி யு யு ஏ யு சி ஏ ஜி ஏ சி யு ஜி ஏ யு ஜி யு யு ஜி ஏ. ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டில் இருந்து எட்டு வரை கோடிடுங்கள். ஏ ஜி சி யு யு ஏ யு. இந்த ஏழும்தான் விதைப் பகுதி. இரையைக் கண்டுகொள்வதில் பெரும்பங்கு இதற்கே.

இப்போது இதற்கு எதிர் இழையை எழுத வேண்டும். ஏக்கு யு, ஜிக்கு சி. ஆனால் இழைகள் எதிர்த் திசையில் ஓடுவதால் பின்னால் இருந்து எழுதுங்கள். ஏ யு ஏ ஏ ஜி சி யு என்று வரும். முன்னால் இருந்து எழுதிவிட்டு 'இரையைக் காணேல்லை' என்று வந்தவர்களை எண்ண என் கைவிரல் போதாது. நானும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்.

இந்த ஏழெழுத்தைத் தூது ஆர்என்ஏயின் வால் பகுதியில், அதாவது புரதக் குறியீடு முடிந்த பிறகு வரும் துண்டில், தேடுகிறோம். பிடிசிடி4இன் வாலில் அது கிடைக்கும். மகிழ்ச்சிதான். அதே பக்கத்தில் இன்னொரு கணக்கும் போடுங்கள். நாலு எழுத்தால் ஆன ஏழெழுத்துச் சொற்கள் மொத்தம் 16,384. அப்படியானால் எந்த ஏழெழுத்துச் சொல்லும் சும்மா தற்செயலாகவே 16,384 எழுத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். 20,000 பரம்பரையலகுக்கும் வால் சராசரி ஆயிரம் எழுத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டு கோடி எழுத்து. வகுத்துப் பாருங்கள், 1,200க்கு மேல். மிர்-21க்கும் அந்தப் பரம்பரையலகுக்கும் எந்த உறவும் இல்லாமலே ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருத்தங்கள் கிடைக்கும்.

அதனால்தான் ராகெற்ஸ்கான் போன்ற இலவசக் கருவிகள் எலி, நாய், கோழியிலும் அதே இடத்தில் அந்த எழுத்துகள் அழியாமல் நிற்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுகின்றன. அதுவும் ஊகம்தான். நிரூபணம் என்றால், இரையின் வாலை மின்மினிப் பூச்சியின் ஒளிரும் நொதியத்தோடு ஒட்டிக் கலத்துக்குள் விடுவார்கள். மிர்-21ஐக் கூட்டினால் ஒளி மங்க வேண்டும். விதைக்குப் பொருந்தும் அந்த ஏழெழுத்தைக் குலைத்தால் ஒளி திரும்ப வர வேண்டும். இரண்டாவது பாதி இல்லாத கட்டுரையை நான் அரைக்கட்டுரையாகவே எடுப்பேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான இரைகளைத் தொடும், ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சமாகத்தான் குறைக்கும். பெரும்பாலும் பாதிக்குக்கூடக் குறைக்காது. கறியில் உப்பைக் குறைப்பது மாதிரி. 'முற்றாக அணைத்தது' என்று படித்தால் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

நீளமானவையும் வட்டமானவையும்

இவற்றைப் பிறகு படிக்கலாம், இப்போது அறிமுகம் போதும். 200 எழுத்தைத் தாண்டியவை நீள் ஆர்என்ஏக்கள். 2007இல் விவரிக்கப்பட்ட ஹொட்டேர் 12ஆம் நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டு, பரம்பரையலகுகளைப் பூட்டி வைக்கும் புரதக் கூட்டம் ஒன்றை வேறிடத்துக்கு வழிகாட்டுவதாகச் சொல்லப்பட்டது. குரல்வளைக் கட்டிகளில் அது கூடுவதாக அறிக்கைகள் உண்டு. வட்ட ஆர்என்ஏ என்பது இரு முனையும் ஒட்டிப்போனது. முனை இல்லாததால் சீக்கிரம் சிதையாது. 2013இல் பேர் பெற்ற ஒரு வட்டத்தில் மிர்-7 வந்து ஒட்ட 70க்கு மேற்பட்ட இடங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கு மலாட்1 நல்ல உதாரணம். நுரையீரல் புற்றின் பரவலோடு தொடர்புடையது என்று பெயரிலேயே எழுதி 2003இல் அறிமுகமானது. அது இல்லாமல் பிறக்க வைத்த எலிகள் சுகமாக ஓடித் திரிந்தன. 2018இல் மார்புப் புற்று மாதிரிகளில் அது பரவலைத் தடுக்கிறது என்று நேர்மாறாக ஒரு முடிவு வந்தது. வேறு உறுப்பில் வேறு குணம் என்றும் சொல்லலாம், முறை வேறு என்றும் சொல்லலாம். தொண்டையில் அதன் குணம் பற்றி ஒரே ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது.

கட்டுரைகளை அரித்து எடுப்பது

மாணவியின் நாற்பது கட்டுரைக்கு இப்போது வருவோம். நான் முதலில் பார்ப்பது சுருக்கத்தை அல்ல, முறைகள் பகுதியில் எந்தக் கலங்களைப் பயன்படுத்தினார்கள் என்பதை. தொண்டைப் புற்றில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

ஹெப்-2 என்று ஒரு கல வரிசை, அதாவது ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்த்து வரும் கலங்கள். 1950களில் குரல்வளைக் கட்டியில் இருந்து வளர்த்ததாகப் பெயர். 1960களிலேயே ஒரு நொதியத்தின் வகையை வைத்துச் சோதித்தபோது அது உண்மையில் ஹீலா என்று தெரிந்தது. ஹீலா 1951இல் ஹென்றியற்றா லக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றில் இருந்து எடுக்கப்பட்டது. எங்கும் ஏறிப் பரவி மற்றக் கலங்களை விழுங்கும் வரிசை. அதற்குள் எச்பிவி-18 வேறு குடியிருக்கிறது. ஆக, ஹெப்-2இல் மிர்-34ஏயை அளந்து 'குரல்வளைப் புற்றில்' என்று எழுதினால், எழுதியவர் அளந்தது கருப்பைக் கழுத்தை. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த இந்த விஷயம் இன்னும் கட்டுரைகளில் குரல்வளை வேடம் போட்டுக்கொண்டு திரிகிறது. மூட்டுவாத நோயாளிகளின் இரத்தத்தில் ஏஎன்ஏ என்ற பிறபொருளெதிரியைப் பார்க்கும் சிலைட்டில் இருப்பதும் இதே ஹெப்-2தான். அங்கே அது நல்ல பிள்ளை. பிழை கலத்தில் இல்லை, அதற்குக் கொடுத்த விலாசத்தில்.

மாணவியை அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஏழெட்டுக் கட்டுரைகள் அப்படியே ஒதுங்கின. அவள் முகத்தில் துக்கமா நிம்மதியா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

அடுத்த அரிதட்டு 'பஞ்சு' வாய்ப்பாடு. ஒரு நீள் ஆர்என்ஏ ஒரு மைக்ரோ ஆர்என்ஏயைப் பஞ்சு போல உறிஞ்சிவிடும், அதனால் மூன்றாவது புரதம் கூடும் என்பது 2011 அளவில் பேர் பெற்ற கருத்து. சில இடங்களில் சரியாக இருக்கலாம். ஆனால் கலத்துக்குள் பத்துப் பிரதி மட்டும் உள்ள ஒன்று ஆயிரக்கணக்கில் உள்ள இன்னொன்றை எப்படி உறிஞ்சும்? எண்ணிக்கை சொல்லாத கட்டுரையில் இந்தக் கேள்விக்கு விடை இருக்காது. மூன்று பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, கிட்டத்தட்ட அதே வாக்கியங்களோடு வந்த கட்டுரைகள் இந்தத் துறையில் மலிந்துவிட்டன. பல இதழ்கள் திரும்பப் பெற்றும் இருக்கின்றன. ஆகவே மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்பின் மேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, எதோடு ஒப்பிட்டார்கள்? கட்டிக்குப் பக்கத்து 'நல்ல' இழையம் முப்பது வருடம் புகை குடித்தவரின் இழையம்தான். கட்டித் துண்டுக்குள்ளும் புற்றுக் கலம் மட்டும் இருப்பதில்லை, நாரிழையமும் அழற்சிக் கலங்களும் சேர்ந்தே இருக்கும். மிர்-21 அந்த நாரிழையக் கலங்களிலும் கூடும். அரைத்து அளந்தால் யார் செய்தது என்று தெரியாது. நிறமேற்றிச் சிலைட்டில் பார்த்தால்தான் தெரியும்.

கையால் செய்ய வந்தால்

ஆய்வுகூடத்துக்குள் போவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளிக்கு விளங்கும் தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் வேண்டும். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

புதிய இழையம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நோயியல் பிரிவுகளில் மெழுகுக் கட்டிகளாகச் சேமித்து வைத்திருக்கும் இழையங்களில் நீண்ட ஆர்என்ஏ நொறுங்கிப் போயிருக்கும், ஆனால் 22 எழுத்து மைக்ரோ ஆர்என்ஏ பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும். ஏற்கெனவே சின்னதாக இருப்பதை இன்னும் எவ்வளவு நொறுக்குவது? மின்வெட்டுக்கும் அது பயப்படாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, ஆழ்குளிர்ப் பெட்டியை நம்பி வைத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மெழுகுக் கட்டி அறைச் சூட்டில் அலுமாரிக்குள் பேசாமல் இருந்தது.

அளப்பது பிசிஆர் இயந்திரத்தில். அது தருவது சிரி என்ற எண், அதாவது ஒளி தெரிய எத்தனை சுற்று எடுத்தது என்பது. எண் குறைந்தால் ஆர்என்ஏ அதிகம். கணக்கைப் பழக ஒரு கற்பனை எண் எடுப்போம். கட்டியில் மிர்-21க்கு 20, ஒப்பீட்டுக்கு வைத்த யு6 என்ற இன்னொரு சின்ன ஆர்என்ஏக்கு 22. வித்தியாசம் கழித்தல் 2. நல்ல இழையத்தில் மிர்-21க்கு 24, யு6க்கு 22. வித்தியாசம் கூட்டல் 2. இரண்டுக்கும் இடையில் 4 சுற்று. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு, ஆகவே 16 மடங்கு. இப்போது யு6 கட்டியில் 22க்குப் பதில் 23 என்று போட்டுப் பாருங்கள். விடை 32 மடங்காகிவிடும். மிர்-21 அப்படியே இருக்கிறது, அளவுகோல்தான் நகர்ந்தது. ஒரே ஒரு ஒப்பீட்டோடு நிற்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரத்தத்தில் அளப்பவர்களுக்கு இன்னொரு பொறி. நான் தொடங்கிய காலத்தில், சில குழாய்களில் மட்டும் மிர்-16 எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைப் பார்த்து ஒரு பகல் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். பின்னேரம் குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு. சிவப்பணு உடைந்திருக்கிறது. மிர்-16உம் மிர்-451உம் சிவப்பணுவுக்குள் நிறைய உண்டு. ஊசியை அவசரமாக இழுத்தது நான்தான்.

ஆஸ்பத்திரியில் இப்போது இருப்பது

பொடியனுக்கான பதில் இங்கே. குரல்வளைப் புற்றைக் கண்டுபிடிக்க மைக்ரோ ஆர்என்ஏ இரத்தப் பரிசோதனை எந்த நாட்டு வழமையான வைத்தியத்திலும் இடம்பிடிக்கவில்லை. மிர்-21 புண் ஆறும்போதும் கூடும், அழற்சியிலும் கூடும், வேறு பல புற்றுகளிலும் கூடும். கூடியிருக்கிறது என்று அறிக்கை வந்தால் அடுத்து என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தும் அப்படித்தான். மிர்-34ஏயைச் செயற்கையாகச் செய்து நோயாளிகளுக்கு ஏற்றிய பரிசோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. சிறிய ஆர்என்ஏயை மருந்தாகக் கொடுக்கவே முடியாது என்றில்லை. பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்குப் பட்டிசிரான் 2018இல் அனுமதி பெற்றது. ஆனால் ஈரலுக்குள் சேர்ப்பது ஒன்று, தொண்டைக் கட்டிக்குள் சேர்ப்பது இன்னொன்று.

அதற்காகப் புரதம் செய்யாத ஆர்என்ஏ ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை என்றும் நினைக்க வேண்டாம். மேல்தொண்டைப் புற்றில் அது பல ஆண்டுகளாகவே வேலை செய்கிறது. ஈபிவி வைரஸ் ஈபர் என்ற இரண்டு ஆர்என்ஏக்களை எழுதும், 170 எழுத்தளவு நீளம், புரதம் கிடையாது. தொற்றிய கலம் ஒன்றுக்குள் பத்து இலட்சம் பிரதி வரை குவிந்து கிடக்கும். நோயியல் நிபுணர் சிலைட்டில் அதற்குப் பொருந்தும் துணுக்கை ஊற்றி நிறமேற்றினால், புற்றுக் கலங்களின் கருக்கள் மட்டும் மைத்துளி விழுந்தது போலக் கறுத்து நிற்கும், பக்கத்துக் கலங்கள் வெளிறிக் கிடக்கும். கழுத்தில் நெறிகட்டி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத புற்று என்றால், மூக்குக்குப் பின்னால் தேடு என்று அந்தக் கறுப்பு சொல்லிக் கொடுக்கும். மைக்ரோ ஆர்என்ஏ செய்யும் வைரஸ் என்று 2004இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே ஈபிவிதான். மாணவிக்கு நான் கடைசியில் சிபாரிசு செய்தது ஈபரைத்தான். சிலைட்டில் கண்ணால் பார்க்கலாம், கட்டி எந்த இடத்தது என்ற குழப்பமும் குறைவு.

குரல் மூன்று கிழமைக்கு மேல் கம்மிக் கிடந்தால், அதிலும் புகைப்பவர் என்றால், ஈஎன்ரி வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கமெரா விட்டுக் குரல்நாணைப் பார்ப்பார். சில நிமிட வேலை. சந்தேகம் என்றால் துண்டெடுத்து நோயியலுக்கு அனுப்புவார்கள். புற்று என்று வந்தால் அடுத்த பயணம் தெல்லிப்பழைக்கோ, கொழும்புப் பக்கம் மகரகமையில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ இருக்கும். தெல்லிப்பழையில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் நாட்டின் தென்முனையில் இருந்து பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து சேர்த்த காசில் எழுந்தது.

பொடியன் அடுத்த கிழமை வந்தான். அப்பாவைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறான், துண்டெடுத்திருக்கிறார்கள், அறிக்கை இன்னும் வரவில்லை. "வந்தோண்ண என்ன பாக்கோணும் அண்ணை?" என்று கேட்டான். பிளேன்ரீக் கடைப் பேப்பர்த் துண்டில் எழுதிக் கொடுத்தேன்: எந்த இடம், எந்தக் கல வகை, எந்த நிலை. அதற்குக் கீழே, அப்பா சுருட்டை விட்டிட்டாரோ என்று ஒரு கேள்வி. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "விட்டிட்டன் எண்டுதான் சொல்லுறார்" என்றான்.